ஒரு கைப்பிடி என்பது எத்தனை கிராம்? கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடும் கணக்கு

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்து நாலு நாள் நின்று பெய்தால் போதும். குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, குழித்துறை, அருமனைப் பக்கத்து வீட்டுக் கிணறுகளில் வெள்ளம் (தண்ணீரை நாங்கள் சொல்வது இப்படித்தான்) ஏறிக் கலங்கி, மேலே இலையும் செத்தையும் மிதக்க ஆரம்பிக்கும். அடுத்து நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடையிலிருந்து ஒரு பாக்கெட் பிளீச்சிங் பவுடர் வரும். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று இரண்டு கை அள்ளி உள்ளே விசிறுவார்கள். மறுநாள் வாளியில் கோரிய வெள்ளத்தில் நெடி அடித்தால் "மருந்து பிடிச்சிருக்கு" என்று நிம்மதி. நெடி இல்லையென்றால் இன்னொரு கை.

அந்த இரண்டு கை பவுடரில் கொஞ்சம் காற்றில் போகிறது. கொஞ்சம் மேலாக மிதந்து கரைகிறது. மிச்சம் கட்டி கட்டியாக நேரே அடிச்சேற்றில் போய் உட்கார்ந்து, தன்னிடமிருந்த குளோரினை அந்தச் சேற்றுக்கே கொடுத்துத் தீர்த்துவிடுகிறது. கிணற்றுவெள்ளம் தானாகக் கலங்கிக் கலந்துகொள்ளாது. மேலே ஒரு வாளியில் நெடி மூக்கைத் துளைக்கும். பத்தடி கீழே குளோரின் எட்டியே பார்த்திருக்காது. மோட்டார் வெள்ளத்தை உறிஞ்சும் வாயான கால்வால்வு இருப்பதோ அந்தக் கீழ்ப்பக்கம்.

பிளீச்சிங் பவுடர் என்பது நீற்றுச் சுண்ணாம்பில் குளோரின் வாயுவை ஏற்றிச் செய்வது. 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் இதற்குக் காப்புரிமை வாங்கியது துணி வெளுக்க. பெயரில் அந்த வெளுப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் இதன் வேலை தெரிந்தது 1847இல். வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணம் அறுத்துப் படித்துவிட்டு நேராகப் பிரசவம் பார்க்க வரும் மாணவர்களை, குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். அந்த ஏப்ரலில் அந்தப் பிரிவில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் சாவு ஜூனில் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. கிருமிதான் நோய் தருகிறது என்ற கருத்து அன்று வேரூன்றியிருக்கவில்லை. கையிலிருந்து பிணவாடை போகிறதே, வாடையோடு ஒட்டியிருக்கும் கெடுதலும் போகும் என்பதுதான் அவர் கணக்கு.

பவுடர் தண்ணீரில் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் உண்டாகிறது. கொல்வது அதுதான். தண்ணீர் காரமாக ஆக ஆக அது ஹைப்போகுளோரைட்டாகப் பிரியும். புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். அளவு 7.5இல் பாதிக்குப் பாதி. பிரிந்துபோன பாதிக்குக் கொல்லும் வேகம் பல மடங்கு குறைவு. 8.5க்கு மேல் போனால் போட்ட மருந்தில் பெரும்பகுதி சோம்பேறியாகிவிடும். நம் செம்மண், சரள் நிலத்துக் கிணறுகள் பொதுவாகச் சற்றே புளிப்புப் பக்கம்தான் இருக்கும், அந்த வகையில் குளோரினுக்குத் தோதான வெள்ளம். ஆனால் அதே மண் இன்னொரு பக்கம் காலை வாரிவிடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பவுடர். புதிதாகச் செய்த நல்ல பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு அளவில் குளோரின் கிடைக்கும். மற்றதெல்லாம் சுண்ணாம்பும் கால்சியம் குளோரைடும். காற்று, வெளிச்சம், ஈரம் மூன்றும் இதற்கு எதிரி. இடவப்பாதி மாதிரிக் காற்றே நனைந்திருக்கும் காலத்தில் வாய் திறந்த சாக்கில் கிடந்தால் வலு மளமளவென்று இறங்கும். வெள்ளையாக, உதிரியாக, பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் நெடியோடு இருந்தால் நம்பலாம். கட்டி தட்டி, கசிந்து, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் அது ஏறக்குறைய வெறும் சுண்ணாம்பு. சாக்கில் பிரித்து விற்பதை வாங்காதீர்கள். அரைக் கிலோ, ஒரு கிலோ பாக்கெட்டாக, தயாரித்த மாதம் பார்த்து வாங்கி, மீதியை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் இருட்டான, காய்ந்த இடத்தில் வையுங்கள். தகர டப்பா வேண்டாம், ஓட்டை விழும்.

அடுத்தது கிணற்றுக் கணக்கு. கயிற்றில் கல் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் வெள்ளத்தின் ஆழம் தெரியும். கிணற்றின் உள்விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டும் அடியில் இருக்கட்டும். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, 22ஆல் பெருக்கினால் லிட்டர். ஆறடி விட்டம், பத்தடி வெள்ளம் என்றால் 6 × 6 × 10 × 22, அதாவது 7,920. எட்டாயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். உறை இறக்கிய கிணறானாலும் இதே கணக்குதான், உறையின் உள்விட்டம் மட்டும் போதும்.

தெளிந்த வெள்ளத்துக்கு வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். நம் எட்டாயிரம் லிட்டர் கிணற்றுக்கு 20 கிராம். மழைக்காலத்திலும், அக்கம்பக்கத்தில் வயிற்றுப்போக்கோ மஞ்சக்காமாலையோ இருக்கும்போதும் இதை இரட்டித்து 40 கிராம். இருபது கிராம் என்பது எவ்வளவு சின்ன அளவு என்று ஒரு தடவை தராசில் வைத்துப் பார்த்தால் அந்த "இரண்டு கை" எவ்வளவு தாறுமாறு என்று புரியும். தேக்கரண்டி, தீப்பெட்டிக் கணக்குகளை நம்ப வேண்டாம். தளர்வாக அள்ளியதற்கும் அழுத்தி நிரப்பியதற்கும் எடையில் நிறைய வித்தியாசம் வரும். சமையலறையில் கேக்குக்கு மாவு நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும்.

கரைக்கும் முறையில்தான் பாதி வேலை இருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் பவுடரைப் போட்டு, கொஞ்சமாக வெள்ளம் விட்டுக் குச்சியால் குழைத்துத் தோசைமாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிறகு முக்கால் வாளி வரை வெள்ளம் ஊற்றிக் கலக்கி, ஐந்து பத்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும், குளோரின் மேலே தெளிந்த வெள்ளத்தில் இருக்கும். அந்தத் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு இறுத்துக்கொண்டு, அடியில் நிற்கும் வெள்ளைச் சேற்றைக் கிணற்றிலிருந்து எட்ட, வாழைமூட்டுக்குப் போகாத இடத்தில் கொட்டிவிடுங்கள். அதையும் சேர்த்து ஊற்றினால் வெள்ளம் கடுத்துப்போகும், சாயாப் பாத்திரத்தில் வெள்ளை படியும். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் கரைக்க வேண்டாம், சரியாகத் தெளியாது.

இப்போது அந்தத் தெளிவு உள்ள வாளியைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள். மேலே நின்று கொட்டுவதில்லை. வாளி வெள்ளத்துக்குள் முழுக முழுக இறக்கி, மேலும் கீழுமாக, பிறகு இந்தப் பக்கம் அந்தப் பக்கமாக இழுத்துக் கலக்க வேண்டும். கை வலிக்கிற வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் கோரவோ மோட்டார் போடவோ கூடாது. ராத்திரி எல்லாரும் வெள்ளம் எடுத்து முடித்த பிறகு செய்தால் விடிய விடிய நேரம் கிடைக்கும், வெயிலில் குளோரின் வீணாவதும் இல்லை. கொசுப்புழு தின்னட்டும் என்று கிணற்றில் மீன் விட்டிருந்தால் முதலில் அதைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். நமக்குத் தெரியாத அளவுக் குளோரினே மீனைக் கொன்றுவிடும். செத்த மீன் கிணற்றில் கிடந்து அழுகினால் போட்ட மருந்தெல்லாம் அதற்கே போய்விடும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் மருந்து பிடிக்காத கிணறுகள் இருக்கின்றன. நம் பகுதியில் அவை குறைவில்லை. காரணம் வெள்ளத்திலேயே குளோரினைத் தின்னும் சாமான்கள் இருப்பதுதான். குளோரினுக்குக் கிருமி எது, குப்பை எது என்று பார்க்கத் தெரியாது. எதிர்ப்பட்டதையெல்லாம் பொசுக்கிவிட்டு, மிஞ்சியதைக் கொண்டுதான் கிருமிக்கு வரும்.

முதல் திருடன் இரும்பு. மலையாளத்தில் வெட்டுக்கல் என்கிற செம்பாறை வழியாக ஊறிவரும் வெள்ளத்தில் இரும்பு இருக்கும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கரைந்த இரும்பு இருந்தால் அதைத் துருவாக்கவே 0.64 மில்லிகிராம் குளோரின் செலவாகும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போடும்போது கிடைக்கும் மொத்தமே லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் சுமார். மிச்சம் என்ன என்று நீங்களே கழித்துப் பாருங்கள். மருந்து போட்ட மறுநாள் வெள்ளம் சாயா நிறத்தில் வந்தால் பவுடர் கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த இரும்பு துருவாகி வெளியே வந்திருக்கிறது. ஒரு நாள் விட்டால் அடியில் படியும். போர்வெல் வெள்ளத்தைக் கிணற்றில் விட்டுச் சேமிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

இரண்டாவது, இலை. அயினியும் பலாவும் ரப்பரும் கிணற்றுமேல் கவிந்து நின்றால் உதிரும் இலை ஊறி வெள்ளம் இளமஞ்சளாகும். அந்தச் சாறும் குளோரினைத் தின்னும். கிணற்றுக்கு வலை போடுவது பவுடர் செலவைக் குறைக்கும் காரியம். கலங்கலும் அப்படித்தான். மண்துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியைக் குளோரின் தொடாது. கலங்கின வெள்ளத்தில் மருந்து போடுவதைவிட ஒரு நாள் பொறுத்துத் தெளிந்தபின் போடுவது மேல். அந்த ஒரு நாள் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

மூன்றாவது, கக்கூஸ் குழி. கேரளக் கட்டட விதியில் கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் இடையே 7.5 மீட்டர் கேட்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பாடநூல்கள் 15 மீட்டர், அதாவது ஐம்பதடி என்கின்றன. அஞ்சு சென்ட் சதுர மனை என்றால் பக்கத்துக்கு 47 அடிதான் வரும். நடுவில் வீடு, ஒரு மூலையில் கிணறு, எதிர்மூலையில் குழி என்று வைத்தாலும், அண்டைவீட்டுக் குழி நம் கிணற்று மூலைக்கே வந்து நிற்கும். மழைக்கு நிலத்தடி வெள்ளம் ஏறும்போது அந்தக் குழியும் இந்தக் கிணறும் ஒரே ஊற்றில் சேர்ந்துவிடும். அதில் வரும் அம்மோனியா ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு வரை குளோரினை விழுங்கும். விழுங்கும் வழியில் குளோரமின் உண்டாகும். நீச்சல்குள வாடை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தக் குளோரமினின் வாடைதான். ஆகவே நெடி மூக்கைத் துளைக்கிறது என்றால் மருந்து கூடிப்போனது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பல நேரம் மருந்து போதாமல் பாதிவழியில் நிற்கிறது என்றுதான் பொருள்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? மிச்சக் குளோரினை அளந்துதான். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தனிக்குளோரின், அதாவது எதோடும் சேராமல் மிஞ்சிய குளோரின், நிற்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, குழாய் முனையில் குறைந்தது 0.2 இருக்கச் சொல்கிறது. வைரஸ் பயம் இருந்தால் 0.5. வெள்ளத்தில் பரவும் மஞ்சக்காமாலை வைரஸால் வருவதுதான் என்பதால் நமக்கு எப்போதும் 0.5 என்றே வைத்துக்கொள்வது நல்லது.

சோதனைக்கு ஊரில் புழங்குவது ஓ.டி. என்கிற ஆர்த்தோ டோலிடின். கண்ணாடிக் குழாயில் வெள்ளம் எடுத்து, சில சொட்டு விட்டு, மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவது. பத்து விநாடிக்குள் தெரியும் மஞ்சள்தான் தனிக்குளோரின். கால்மணி நேரம் வைத்துப் பார்த்தால் குளோரமினும் சேர்ந்து நிறம் ஏறிவிடும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. இன்னொரு ஏமாற்றும் இருக்கிறது. இரும்பு, மாங்கனீஸ், நைட்ரைட் இருந்தாலும் ஓ.டி. மஞ்சளாகும். செம்பாறைக் கிணற்றுக்காரர்கள் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். மருந்து போடுவதற்கு முன்பே ஒருமுறை அதே வெள்ளத்தில் ஓ.டி. விட்டுப் பாருங்கள். அப்போதே மஞ்சள் வந்தால் அந்த மஞ்சளைக் கழித்துத்தான் பின்னால் வரும் நிறத்தைப் படிக்க வேண்டும். முடிந்தால் டி.பி.டி. மாத்திரை வாங்குங்கள். அது இளஞ்சிவப்பாகக் காட்டும். ஓ.டி. நச்சுப்பொருள் வேறு, சோதித்த வெள்ளத்தைத் திரும்பக் கிணற்றடியில் கொட்டக்கூடாது.

எனக்குப் பிடித்தது, எவ்வளவு பவுடர் வேண்டும் என்று சோதித்துச் சொல்லும் பழைய ஹாராக்ஸ் பெட்டி. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் ஹாராக்ஸின் பெயரில் வழங்குவது. உள்ளே ஆறு வெள்ளைக் கோப்பை, ஒவ்வொன்றும் 200 மில்லி. உட்புறம் கோடு போட்ட ஒரு கறுப்புக் கோப்பை. தலைதட்டினால் 2 கிராம் பிடிக்கும் கரண்டி, கலக்கும் குச்சிகள், சொட்டுக் குழாய், ஸ்டார்ச் அயோடைடு திரவம். கறுப்புக் கோப்பையில் ஒரு கரண்டி பவுடரைக் குழைத்துக் கோடு வரை வெள்ளம் நிரப்பித் தெளியவிட வேண்டும். கிணற்று வெள்ளத்தை ஆறு வெள்ளைக் கோப்பையிலும், மேலே ஒரு சென்டிமீட்டர் விட்டு நிரப்பி, முதல் கோப்பைக்குத் தெளிவில் ஒரு சொட்டு, இரண்டாவதற்கு இரண்டு, இப்படி ஆறு வரை. கலக்கி அரைமணி நேரம் காத்திருந்து, ஒவ்வொன்றிலும் மூன்று சொட்டு ஸ்டார்ச் அயோடைடு. குளோரின் மிஞ்சிய கோப்பை நீலமாகும். முதலில் நீலம் தெளிவாகத் தெரிவது மூன்றாவது கோப்பை என்றால், 455 லிட்டருக்கு மூன்று கரண்டி, 6 கிராம். 455 என்ற விநோத எண்ணுக்குக் காரணம் அது 100 கேலன் என்பதுதான்.

இந்தக் கணக்கில் நம் எட்டாயிரம் லிட்டர் கிணற்றுக்கு 105 கிராம் வரும். வாய்ப்பாட்டுப்படி 20 கிராம் என்றோமே, ஐந்து மடங்கு! வாய்ப்பாடு தெளிந்த வெள்ளத்தையும் புதுப் பவுடரையும் மனதில் வைத்துச் சொல்கிறது. ஹாராக்ஸ் பெட்டியோ நம் கையிலிருக்கும் அதே பவுடரை நம் கிணற்றின் அதே வெள்ளத்தில் போட்டுக் கேட்கிறது. பவுடரின் வலுக்குறைவு, வெள்ளத்தின் பசி இரண்டும் ஒரே பதிலில் வந்துவிடும். ஆறில் ஒரு கோப்பைகூட நீலமாகவில்லையா? பவுடர் செத்தது, இல்லையென்றால் கிணற்றில் ஏதோ பெரிய கோளாறு. புதுப் பாக்கெட் பிரித்து இன்னொரு தடவை செய்தால் எதுவென்று தெரிந்துவிடும்.

தினமும் கரைத்து ஊற்ற முடியாத வீடுகளுக்கு நாக்பூரில் இருக்கும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) வகுத்த இரட்டைப் பானை முறை ஒன்று உண்டு. உள்பானை 30 சென்டிமீட்டர் உயரம், 25 சென்டிமீட்டர் அகலம், மேற்பக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் துளை. வெளிப்பானை 38 சென்டிமீட்டர் உயரம், அடியிலிருந்து 4 சென்டிமீட்டர் மேலே ஒரு துளை. ஒரு கிலோ பவுடரோடு இரண்டு கிலோ பருமணலைக் கலந்து, லேசாக ஈரமாக்கி, உள்பானையில் துளைக்கு 3 சென்டிமீட்டர் கீழே வரை நிரப்பி, அதை வெளிப்பானைக்குள் வைத்து, வாயைப் பாலிதீன் தாளால் கட்டி, வெள்ள மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தொங்கவிடுவது. ஒரு துளை மேலே, ஒன்று கீழே என்பதால் குளோரின் சுற்றிச் சுற்றித்தான் வெளியே வர முடியும். அந்தத் தாமதம்தான் இதன் சூட்சுமம். நைஸ் மணல் போட்டால் பவுடரோடு சேர்ந்து காரைபோல இறுகிவிடும். துளைக்கு மேல் நிரப்பினால் மருந்து சீக்கிரமே கரைந்து தீரும். ஒழுங்காகச் செய்தால் 4,500 லிட்டர் கிணற்றில், நாளொன்றுக்கு 360 முதல் 450 லிட்டர் வரை கோரும் வீட்டுக்கு இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஐந்தடி விட்டம், எட்டடி வெள்ளம் என்றால் ஏறக்குறைய அந்த அளவுதான். கயிறும் கப்பியும் இருந்த காலத்துக்கு வகுத்த கணக்கு இது. மோட்டார் போட்டு அரைமணியில் ஆயிரம் லிட்டர் மேலே ஏற்றுகிற வீட்டில் பானையால் ஈடுகொடுக்க முடியாது. அங்கே கரைத்து ஊற்றத்தான் வேண்டும்.

ஆற்றுவெள்ளம் கிணற்றுக்குள் புகுந்தாலோ, பூனையோ நாயோ விழுந்து செத்தாலோ மேலே சொன்ன 40 கிராம் கணக்கெல்லாம் காணாது. முதலில் இறைத்துச் சேறு வாரி, சுவரையும் உறையையும் தேய்த்துக் கழுவ வேண்டும். ஊற்று நிறைந்த பிறகு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும்படி போட வேண்டும். 1,000 லிட்டருக்கு 150 கிராம் பவுடர். எட்டாயிரம் லிட்டருக்கு 1.2 கிலோ. நூறு நூறு கிராமாகக் கரைத்துத் தெளிவித்து ஊற்றிக் கலக்கி, ஒரு முழுநாள் விட்டு, பிறகு நெடி போகும்வரை இறைத்து வெளியே விடுங்கள். அந்த வெள்ளம் மீன்குளத்துக்கோ ஓடைக்கோ போகக்கூடாது. "சூப்பர் குளோரினேஷன்" என்ற சொல்லை எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1,000 லிட்டருக்கு 5 கிராம் போடுவதற்கும் சொல்கிறார்கள், சிலர் இந்தப் பெரிய அளவுக்கும் சொல்கிறார்கள். யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் எத்தனை கிராம் என்று கேட்டுவிடுவது நல்லது.

கிணற்றில் ஆள் இறங்குவதானால் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல், டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. விளக்கை இறக்கி அணைகிறதா என்று பார்க்கும் சோதனை இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்காது. கீழே ஆள் இருக்கும்போது மேலிருந்து பவுடர் கரைசலை ஊற்றுவதும் வேண்டாம்.

ரப்பர் உள்ள வீடுகளுக்குத் தனியாக ஒன்று. ஷீட் அடிக்கும் புரையில், அதாவது கொட்டகையில், ரப்பர்ப்பால் உறைய வைக்க ஆசிட் கேன் இருக்கும். பெரும்பாலும் ஃபார்மிக் ஆசிட். பிளீச்சிங் பவுடரை அந்தப் புரையில் வைக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், முதல் உலகப் போரில் ஆளைக் கொல்ல விட்ட அதே வாயு. உறைய ஊற்றும் தட்டைப் பளிச்சென்று ஆக்கலாம் என்று, ஆசிட் மிச்சம் இருக்கும்போதே பவுடர் தூவித் தேய்ப்பது இப்படித்தான் வினையாகிறது. கக்கூஸ் கழுவும் ஆசிட்டும் அப்படியே. நெடி குப்பென்று ஏறினால் மேலே வெள்ளம் ஊற்றிச் சமாளிக்க நிற்காமல் வெளியே காற்றுக்கு ஓடிவிட வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தங்கும். யூரியா மூட்டை, மண்ணெண்ணெய், எண்ணெய்த் துணி இவற்றோடும் பவுடரைச் சேர்த்து வைக்காதீர்கள். மாட்டுத்தொழுவத்தில் போடுவதானால் மூத்திரத்தை முதலில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான். இல்லையென்றால் அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணும் தொண்டையும் எரியும், மாடும் இருமும்.

வீட்டுக்குள் தரை, கதவுப்பிடி துடைக்க லிட்டருக்கு 3 கிராம் போதும், 0.1 சதவீதக் கரைசல். ரத்தம், வாந்தி விழுந்த இடத்துக்கு 15 கிராம், 0.5 சதவீதம். முதலில் துடைத்தெடுத்து, பிறகு ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். கரைசலை அன்றன்று செய்து அன்றே தீருங்கள். புண்ணில் பவுடர் தூவுவது கூடவே கூடாது. முதல் உலகப் போரில் புண் கழுவப் பெயர்போன டேக்கின் கரைசல் இந்தக் குடும்பம்தான் என்றாலும், அது காரம் தணித்து, 0.5 சதவீத அளவில் பார்த்துப் பார்த்துச் செய்தது. பவுடரில் இருக்கும் சுண்ணாம்பு சதையையே அரித்துவிடும்.

திருவிழாவுக்கு முன்னால் ரோட்டோரம் கோலம்போல வெள்ளைக்கோடு இழுக்கிறார்களே, அதனால் ரோடு சுத்தமாகத் தெரியும். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கிணற்றில் பெர்மாங்கனேட் போட்டு வெள்ளம் ரோஸ் நிறமானால் சுத்தம் என்று நினைக்கும் பழக்கமும் அதே வகை. காலராக் கிருமிக்கு ஓரளவு சரிப்படும், மற்ற கிருமிகளிடம் பலிக்காது. நிறமும் ருசியும் கெடுவதுதான் மிச்சம்.

குளோரின் போட்டதால் கொதிக்க வைக்கத் தேவையில்லை என்றும் இல்லை. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகள் இந்த அளவுக் குளோரினுக்கு அசையாது. உப்பு, நைட்ரேட் எதுவும் குறையாது. கல்யாண வீட்டில் சீரகவெள்ளத்தைக் கொதிக்க வைத்துவிட்டு, பந்திக்கு நேரமாகிறது, சூடு ஆறட்டும் என்று பாதிக்குப் பாதி பச்சைவெள்ளம் ஊற்றுகிறார்களே, அங்கே கொதித்த வெள்ளத்தின் சுத்தம் அந்தப் பச்சைவெள்ளத்தின் அளவுக்குத்தான். ஆற வைக்க வேண்டுமானால் பாத்திரத்தை மூடி இன்னொரு வெள்ளத்தொட்டிக்குள் இறக்கி வையுங்கள்.

கடைசியாக மேல்தொட்டி. கிணற்றில் மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழிந்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் நெடி வரும்வரை திறந்து மூடி, இன்னொரு மணி நேரம் விடுங்கள். பிறகு கிணற்றில் ஒன்று, தொட்டியை ஒட்டிய குழாயில் ஒன்று, கடைசிக் குழாயில் ஒன்று என மூன்று இடத்தில் சோதியுங்கள். கிணற்றில் 0.5 காட்டி, தொட்டிக் குழாயிலேயே ஒன்றும் காட்டவில்லை என்றால் கிணற்றுக்கு மேலும் பவுடர் போடுவது வீண். மேலே ஏறி மூடியைத் திறந்து, தொட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். விரலில் வழுவழுவென்று ஒட்டுகிறதே அந்தச் செம்மண் சேறு, குளோரின் முழுக்க அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.